பிச்சாண்டிக்கு நான் போட்ட கோடு

ஒரு மனிதனை, அவன் தன் தகப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்ற காரணத்தால் சாக விட்டேன். அவன் செத்த பிறகு, அதே தகப்பனுக்குப் பிறந்தவன்தான் என்று எழுதிக் காட்டி டாக்டர் பட்டம் வாங்கினேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை... இல்லை, பொய். வருத்தம் உண்டு. வைக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, நான் செய்தது இன்னதென்று நீங்களாவது எனக்குச் சொல்லுங்கள். எனக்கே அது விளங்காமல் வருஷங்கள் ஓடிவிட்டன.

நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தென்னேரிக்காரன். உழவுக் குடும்பம். சென்னைக்குப் போய் உயிர்வேதியியல் படித்து, அறுபதுகளின் கடைசியில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும், சோதிக்கத் தெரியும். ஆனால் நான் வைத்தியன் இல்லை. இதை, நான் ஆராய்ச்சிக்குப் போன காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒருவரிடமும் நான் அழுத்திச் சொன்னதில்லை. ‘டாக்டர் தம்பி’ என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சுரப்பி உண்டு. புராஸ்டேட் என்பார்கள். அதில் புற்று வந்து எலும்புக்குப் பரவினால், ரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற ஒரு நொதி ஏறும். ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, மருந்து கலந்து வைத்தால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நொதி. சோதனை அவ்வளவுதான்.

என் பேராசிரியரின் கேள்வி வேறு. இந்த நோய் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குமா? இறங்குகிற குடும்பங்களில், வலி தெரிவதற்கு முன்பே நொதி ஏறிவிடுமா? ஏறினால், எமன் வாசலுக்கு வருமுன் நாம் தெருமுனையிலேயே அவனைப் பார்த்துவிடலாமே!

பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர், நெசவாளிகள், இதே நோயில் செத்திருந்தார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் இருவருடைய குறிப்பும் இருந்தது. தம்பியின் மகன் பிச்சாண்டி. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். அவனைப் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே தெருவில் இன்னும் பத்துப் பேர்.

அந்தத் தெருவில் ஆண்களிடம் சிறுநீரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்... ஒரே பதில்தான். சூடு. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்காருகிறவர்கள், அடிக்கடி எழுந்தால் நெசவு கெடும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. எரிச்சலா? சூடு. அடைப்பா? சூடு. இடுப்பு வலியா? குழியில் உட்கார்ந்த வலி. ஒவ்வொன்றுக்கும் தறியிலேயே காரணம் இருந்தது. நோய் வந்து உட்கார்ந்தாலும் அதற்கென்று ஒரு பெயர் மிச்சமில்லை.

பிச்சாண்டியும் அப்படித்தான் சிரித்தான். “எனக்கு இன்னா சார் வியாதி? சூட்டுக்கடுப்பு. எங்கப்பனுக்கும் இருந்துது, எதுத்த ஊட்டுக்காரனுக்கும் இருக்குது. மோர் குடிச்சா போய்டும்.”

நான் அவன் வீட்டில் உட்கார்ந்து குடும்பப் படம் வரைந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அண்ணன் கறுப்பு, தம்பி கறுப்பு. தம்பியின் கட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, பிச்சாண்டிக்கு ஒரு வெள்ளைக் கட்டம் போட்டேன். அவன் தாய் குப்பம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டு என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பியபோது அவள் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

“டாக்டர் தம்பி, அந்தக் கோடு எதுக்குப் போட்ட?”

“அவருக்கு இவர் புள்ளன்னு காட்றதுக்கும்மா.”

“அதப் பாத்துத்தான் மருந்து குடுப்பீங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அது முழு உண்மையில்லை. ஆனாலும் ஆட்டினேன்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தன. நாலாவது வயிற்றிலேயே செத்தது. அப்போது அவள் பிரசவத்துக்குத் தங்கை வீட்டில், திருப்புட்குழியில் இருந்தாள். தங்கைக்கு அதே வாரம் ஓர் ஆண் குழந்தை. தங்கை தன் பிள்ளையைத் தூக்கி இவள் மடியில் போட்டுவிட்டாள். பிள்ளை தங்காத வீட்டில் குழந்தையை ஒருவரிடம் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவது வழக்கம் அல்லவா? எமனை ஏமாற்ற. இவளுக்கே பிறந்து அப்படிக் கொடுத்து வாங்கிய பிள்ளை, அதனால்தான் பிச்சாண்டி என்று பெயர் என ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. புருஷனும் நம்பினான். சாகும் வரைக்கும் நம்பினான்.

“என் ஊட்டுக்காரர் ரத்தம் இல்ல நைனா அவன். பொய்ய எழுதிக்கினு போயி, மருந்து தப்பிப் போச்சுன்னா? அதுக்குத்தான் சொல்றேன். ஏகாம்பரநாதர் சாட்சியா வெளிய உட்றாத.”

சத்தியம் செய்தேன்.

பாருங்கள்... அவள் மகனைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஐம்பது வருஷம் பூட்டி வைத்ததைத் திறந்தாள். அந்த உண்மைதான் அவனைக் கொன்றது. அல்லது நான் கொன்றேன். இரண்டும் ஒன்றா, வேறா? எனக்குப் பிடிபடவில்லை.

ரத்தம் எடுத்தது வைகாசியில், வரதருடைய கருட சேவை அன்று. நாள் பார்க்காமல் போய்விட்டேன். தென்னேரியில் பிறந்தவனுக்குக் கருட சேவை மறக்குமா? மறந்தது. பதினோரு குழாய்களையும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், ஊர்க்கூட்டம் முழுக்க ரோட்டில். பஸ் நகர்ந்தது, நின்றது, குலுங்கியது, நின்றது. சென்னை வந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது.

மறுநாள் சோதித்தேன். பத்துக் குழாய்களில் சாதாரண அளவு. பிச்சாண்டியின் குழாயில் பளீரென்று மஞ்சள். வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும்.

ரத்தக் குழாய் குலுங்கினால் சிவப்பணுக்கள் உடையும். உடைந்தால், அவற்றுக்குள் இருக்கும் அதே வகை நொதி வெளியே கொட்டி அளவைப் பொய்யாக ஏற்றும். அப்படி உடைந்திருந்தால் தெளிநீர் வெளிர் சிவப்பாக இருக்கும். அதைச் சோதனைக்கு முன்பே பார்த்து, முன்பே நோட்டில் எழுத வேண்டும். அதுதான் முறை. நான் முன்பே எழுதவில்லை. அளவைப் பார்த்த பிறகு, அவன் பெயருக்கு நேரே, ‘அணுக்கள் உடைந்தன, ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதினேன்.

அது சிவப்பாக இருந்ததா? இருந்தது என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது கண்ணை மூடிப் பார்த்தால் ஒருநாள் சிவப்பாகத் தெரிகிறது. மறுநாள் எண்ணெய் போலத் தெளிவாகத் தெரிகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். என் கையிலேயே இருந்த குழாய்க்கு இன்று வரைக்கும் எனக்குச் சாட்சி கிடைக்கவில்லை.

அதே பஸ், அதே பிளாஸ்க், அதே வெயில். மற்றப் பத்துக் குழாய்களை மட்டும் ஏன் நம்பினேன்? ஒரு குழாய் மட்டும் உடைவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த நொதி என்று பிரித்துச் சொல்லும் மருந்து, டார்ட்ரேட், என் தலைக்கு மேல் அலமாரியில் இருந்தது. கையை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. மிச்சமிருந்ததைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைக் கழுவி வைத்தேன்.

ஏன்? நான் அன்று என்னை யோக்கியன் என்று நினைத்தேன். ஆமாம், சிரியுங்கள். அவன் அந்தத் தகப்பனின் ரத்தம் இல்லை. அவனைப் பரம்பரைக் கணக்கில் சேர்த்தால் அது மோசடி. ஏன் சேர்க்கவில்லை என்று பேராசிரியர் கேட்டால் உண்மையைச் சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே குழாய் கெட்டுவிட்டது என்று எழுதினால் சத்தியமும் நிற்கும், ஆராய்ச்சியும் சுத்தமாக நிற்கும். மனத்துக்குள் இன்னொரு குரலும் இருந்தது: பரம்பரை இல்லாதவனுக்கு எப்படி ஏறும்? ஏறாது. ஏறியிருந்தால் அது குழாயின் தப்பு.

பரம்பரை இல்லாத எத்தனையோ பேருக்கு இந்த நோய் வருகிறது. பரம்பரை உள்ளவர்களைவிட அவர்கள்தான் அதிகம். முதல் வருஷப் பாடம் அது! எனக்குத் தெரியாதா? தெரியும். நான் வரைந்த படம் என் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த மாதம் போனபோது பிச்சாண்டி தறியிலிருந்தபடியே கேட்டான். “ரத்தத்துல இன்னா சார் வந்துது?”

“ஒண்ணுமில்லண்ணா. நல்லா தண்ணி குடிங்க.”

“அப்ப சூடுதான்.”

“சூடுதான்.”

குப்பம்மாள் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவன் தறிக்குழியில் இறங்கும்போது தொடை எலும்பு முறிந்தது. விழவில்லை, அடிபடவில்லை, வெறுமனே இறங்கினான். சென்னைக்குக் கொண்டுவந்து படம் எடுத்தார்கள். முதுகு, இடுப்பு, தொடை எங்கும் பரவியிருந்தது. நான் வார்டுக்குப் போனேன். “சூடு எலும்புல எறங்கிடுச்சி சார்” என்று சொல்லிச் சிரித்தான். நாலு மாதத்தில் போய்விட்டான்.

முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா? அந்த நொதி அவ்வளவு ஏறியிருந்தால் அப்போதே எலும்புக்குப் போயிருக்கும் என்பார்கள் வைத்தியர்கள். இல்லை, அறுவையும் மாத்திரையும் கொடுத்துச் சில வருஷம் வலியில்லாமல் வைத்திருக்கலாம் என்பார்கள் வேறு சிலர். நான் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நுழைந்து வசதியாக ஒளிந்துகொண்டேன். ஒன்றுமே செய்ய முடியாது என்றாலும், அதை அவனுக்குச் சொல்லாமல் இருக்க நான் யார்?

இவ்வளவோடு நின்றிருந்தால் அறியாமை என்று சொல்லிப் புலம்பலாம். நிற்கவில்லை.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில், சொல்லக் கூசுகிறது, மலர்ச்சி. “அந்த அண்ணன் தம்பி குடும்பம்தானே? தகப்பன், இப்ப மகன். எவ்வளவு தெளிவான உதாரணம்! அவன் குழாய் கெட்டது நம்ம துரதிர்ஷ்டம்பா. பரவாயில்ல, படத்தைக் கொண்டு வா.”

படத்தைக் கொண்டுபோனேன். அவர் மேஜையில் விரித்தார். பிச்சாண்டியின் கட்டம் வெள்ளையாக இருந்தது. தகப்பனிலிருந்து அவனுக்கு இறங்கிய பென்சில் கோடு, அழிக்காமல் அப்படியே இருந்தது. நான் ஏன் அதை அழிக்கவில்லை? சத்தியத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

மை தொட்டுக் கட்டத்தைக் கறுப்பாக்கினேன். கோட்டின் மேலும் மை போட்டேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும்; ஆனால் நடுங்கவில்லை.

உயிரோடு இருந்தபோது அந்தக் கோடு பொய் என்று தெரிந்து அவனைத் தள்ளினேன். செத்த பிறகு அதே கோடு மெய் என்று சேர்த்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? நான் மறைத்தேன். அறிஞர்கள் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள். பட்டம் கொடுத்தார்கள். அந்தப் படம் ஒரு சஞ்சிகையில் அச்சாயிற்று.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் சின்னதாகச் செய்தி வந்தது. பெயர் போடவில்லை. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம், தகப்பன் வழி நோய் என்று மட்டும் இருந்தது. பாளையத்துக்காரர்களுக்கு அது போதாதா? பிச்சாண்டியின் மகன் சேகருக்கு வாலாஜாபாத்தில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. ‘அந்த ஊட்டு ஆம்பளைங்களுக்கு எலும்பு வியாதி’ என்று பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

சேகர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. படித்தவன். சென்னைக்கே வந்து, என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டான்.

“பெரிய தாத்தா, தாத்தா, அப்பா. அடுத்து நான். அப்டித்தான சார்?”

“அப்படி நிச்சயமாச் சொல்ல முடியாது தம்பி...”

“நீங்க எழுதியிருக்கீங்களே சார்.”

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். “இன்னொரு எடத்துல பொண்ணு குடுத்தாலும் வேணாம்னுட்டேன். எனக்கு ஒரு புள்ள பொறந்து, அதுக்கும் இது போவணுமா? என்னோட முடியட்டும். வருசா வருசம் வந்து ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போறேன்.”

அவன் தாத்தாவின் ரத்தம் அவன் உடம்பில் ஒரு சொட்டும் இல்லை. இதைச் சொன்னால் அவன் பயம் முழுக்கப் போகுமா? போகாது. அவன் தகப்பனுக்கு நோய் வந்தது மெய். ஆனால் மூன்று பேர் என்பது ஒருவராகக் குறையும். மூன்று கறுப்புக் கட்டங்களுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் இல்லையா? ஒரு கல்யாணம் நடக்கும் அளவுக்காவது இருக்கும். சொல்லியிருக்கலாம். சத்தியம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சாக்கையும் குப்பம்மாளே பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த முறை பாளையத்துக்குப் போனபோது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தெரு நெடுகத் தறிக்கான பாவு நூலை நீட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அங்கேயே நின்று பேசினாள்.

“நைனா, நான் சொல்லிடலாம்னு இருக்கேன். எம் பேரன் கல்யாணமே வேணாம்னு உக்காந்துகினு இருக்கான். எங்க ஊட்டுக்காரர் வியாதி அவனுக்கு எப்டி வரும்? திருப்புட்குழியில அவன் அப்பனப் பெத்தவர் எம்பது தாண்டி நல்லா நடந்துகினு இருந்தாரு. எனக்கு மானம் போனா போவுது. நீ பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்றியா? நீ சொன்னா நம்புவான்.”

கேளுங்கள். என் மேல் இருந்த பூட்டை, பூட்டியவளே வந்து திறக்கிறாள். நான் தலையாட்டியிருந்தால் போதும். என் படம் போகும், பட்டம் போகலாம், பேராசிரியர் முகத்தில் விழிக்க முடியாது. அவனுக்கு ஒரு வாழ்க்கை வரும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வேணாம்மா. இப்ப சொன்னா நீங்க அவனுக்கு ஆயாவே இல்லன்னு ஆயிடும். செத்துப்போன பிச்சாண்டி அண்ணனுக்கு அம்மா இல்லன்னு ஆயிடும். தெரு என்னா பேசும்? இத்தன வருசம் புள்ளயா வெச்சிருந்துட்டு, இப்ப நீங்களே அவர அனாதையாக்கிடாதீங்க.”

எங்கே அடித்தால் விழுவாள் என்று தெரிந்து அடித்தேன். அந்த வார்த்தைகள் எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தன? முன்பே யோசித்து வைத்திருந்தேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்... தெரியவில்லை.

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. “அதுவும் சரிதான்பா” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க ஊட்டு மானத்துக்கு நீ இவ்ளோ பாக்கிற. நீ நல்லா இருக்கணும் நைனா.”

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தனி அறை, மின்விசிறி, எனக்குக் கீழே இரண்டு மாணவர்கள்.

குப்பம்மாள் சென்ற ஐப்பசியில் போய்விட்டாள். கருமாதி முடிந்து பதினைந்து நாளில், வழக்கம்போல ரத்தம் கொடுக்கச் சேகர் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தவன் கேட்டான்:

“சாவறதுக்கு மொத நாள் ஆயா என்னாண்ட ஒண்ணு சொல்லிச்சி சார். ‘டாக்டரக் கேளு, அவருக்குத் தெரியும்’னு. இன்னா கேக்கறதுன்னு கேட்டேன். அதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. உங்களுக்கு எதுனா தெரியுமா சார்?”

பயப்பட இனி யாரும் இல்லை. மறைக்கச் சொன்னவள் இல்லை. அவள் கடைசி மூச்சில் அவனை என்னிடம் அனுப்பியிருக்கிறாள்.

“வயசானவங்க தம்பி. ஏதோ நெனப்புல சொல்லியிருப்பாங்க” என்றேன்.

“அப்டியா சார்” என்றான். சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு, கையை என் முன்னால் நீட்டினான்.

நான் ரத்தம் எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. பாளையத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனால் வீட்டில் இருப்பான். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லி முடித்துவிடலாம். நான் இன்னும் போகவில்லை.